வௌவால் மண்டபம் விற்பனைக்கு இல்லை

செலினின் நாலாயிரத்து நூற்று முப்பது வௌவால்களுக்கு நான் முதலில் சொன்ன விலை நூற்றைம்பது ரூபாய். குறைத்துத்தான் சொன்னேன். வாங்குகிறவர் முந்நூறு வரை போகலாம் என்றிருந்தார். எவ்வளவு குறைத்து முடிக்கிறேனோ அதில் பாதி எனக்கு.

"சீ, போ தம்பி," என்றாள் செலின், டிபன் பாக்ஸிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"இருநூறு."

"நக்கோ." செகந்திராபாத் பேச்சில் வேண்டாம் என்று பொருள்.

"யக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வௌவாலு. கறிக்கும் ஆகாது, கஷாயத்துக்கும் ஆகாது. நாளைக்குக் கரண்ட் போச்சுன்னா அதுவும் போச்சு. நான் ரொக்கமா தாரேன்னு சொல்லுதேன்."

"கரண்ட் போனா திரும்ப வரும். நீ சாப்பிட்டியா?"

பேரத்தின் நடுவில் சாப்பிட்டாயா என்று கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் துணி மடித்து வளர்ந்தவன் நான். அங்கே ஒரு மார்வாடி மொத்த வியாபாரி இருந்தார். டீ சொல்கிறேன் என்று அவர் வாயைத் திறந்தால் பேரம் முடிந்துவிட்டது, இனி ஒரு பைசா அசையாது என்று பொருள்.

இது நடந்தது 1987-ல். உப்பலுக்கு அந்தப் பக்கம் மத்திய அரசுக் கார்ப்பரேஷன் ஒன்றில் நான் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் அறையில் எட்டு டெர்மினல்கள். செகந்திராபாத் விற்பனை அலுவலகத்தில் இன்னும் நான்கு. இரண்டு இடத்தையும் இணைக்க ஒரு தொலைபேசித் தடம் போட்டார்கள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ராஜாராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு எழுதினார். பன்னிரண்டு டெர்மினலிலிருந்தும் ஒரே சமயத்தில் ஒரே குகைக்குள் நுழையலாம், ஒருவரை ஒருவர் பார்க்கலாம், பேசலாம், சண்டை போடலாம். ஃபைலில் அதற்குப் பெயர் 'மதிய உணவு நேரத் தடப் பரிசோதனை'. பொது மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சர்க்காரில் பரிசோதனை என்று எழுதிய எதையும் ஐந்து வருஷத்துக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள்.

குகை என்றால் படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. உள்ளே பாலம் உண்டு, விடுகதை கேட்கும் பூதம் உண்டு, தீ கக்கும் டிராகன் உண்டு, அதற்குப் பின்னால் புதையல் உண்டு. இன்ஜினியர்கள் எல்லாரும் டிராகனைத் தேடிப் போய்ச் செத்தார்கள். செத்தால் முதலிலிருந்து தொடங்கி மறுபடியும் செத்தார்கள்.

வாசலை ஒட்டி முதல் அறை வௌவால் மண்டபம். அங்கே நின்றால் டெர்மினல் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். வௌவால் ஒன்று வரும். ஒரே ஒரு கீ. சட்டென்று தட்டினால் வௌவால் உங்கள் கணக்கில். தாமதித்தால் பறந்துவிடும். வௌவால் இல்லாதபோது தட்டினால் ஒரு மூச்சு போகும். பத்து மூச்சு போனால் மயங்கி ஐந்து நிமிஷம் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் மண்டபம். அதில் ஐயாயிரம் வௌவால் அடிக்கும் முதல் ஆள் குகைக்கு அரசர் ஆகலாம், எந்த அறையையும் திறக்கலாம், மூடலாம் என்று ராஜாராமன் ஒரு விதி வைத்திருந்தார். அதை எழுதும்போது தனியாக உட்கார்ந்து சிரித்தாராம். ஐயாயிரம் வரை எந்தப் பைத்தியம் நிற்கும் என்று.

செலின் நின்றாள். பத்து மாதமாக.

அவள் பஞ்ச் ரூமில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். சம்பளப் பட்டியல், பிராவிடண்ட் ஃபண்ட் எண், ஸ்டோர்ஸ் கோடு எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் மெஷினுக்குள் போகும். மணிக்கு எத்தனை கீ தட்டினாள் என்று மெஷினே எண்ணி மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் போடும். எட்டு மணி நேரம் இப்படித் தட்டுகிற ஒருத்தி, பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாம் டெர்மினலில் 'ராணி' என்ற பெயரில் நுழைந்து, ஒன்றேகால் வரைக்கும் அதே விரலால் வௌவால் தட்டினாள்.

கான்டீனில் இதற்குப் பட்டிமன்றம் நடக்காத நாளில்லை.

"நாள் பூரா தட்டறது போறாதா? சாப்பாட்டு வேளையிலயும் அதேவா?" என்பார் பத்மநாபன். அவர் டிசைன் பிரிவில் அசிஸ்டண்ட் இன்ஜினியர். என்னை அனுப்பிய ஆசாமி அவர்தான். "இது விளையாட்டே இல்லை ஓய், வியாதி. புத்திக்கு ஏதாவது வேலை இருக்கோ? புதுசா ஏதாவது நடக்கறதோ? ஒரே வௌவால், ஒரே கீ. இதுல என்ன சந்தோஷம் இருக்க முடியும்?"

"வீட்டுலயும் அவ அப்படித்தான் சார்," என்பாள் மங்களம். அவள் செலினுக்குப் பக்கத்து நாற்காலி. செலின் அடித்ததையே மறுபடி அடித்துச் சரிபார்க்கிற ஆபரேட்டர். "ஒரு கிலோ பூண்டைக் கொடுத்தா ரேடியோவைப் போட்டுட்டு உட்கார்ந்து உரிச்சுட்டே இருப்பா. போதும்டீன்னு நாமதான் பிடுங்கணும்."

செலின் ஒரு நாள்தான் பதில் சொன்னாள்.

"சார், நீங்க தினம் மூணு வேளை சந்தியாவந்தனம் பண்றீங்க. தினம் புது மந்திரமா?"

"அது வேற."

"நான் ஜெபமாலை சொல்றேன். ஐம்பத்து மூணு மணி, அதே ஜெபம். ஐம்பத்து மூணாவது மணி வர்றப்ப மொத மணியில இருந்த செலின் இல்ல நான். நீங்களும் அப்படித்தானே?"

"அது பகவான் சமாசாரம். இது வௌவால்."

"நான் வௌவாலைக் கும்பிடல சார். திரும்பத் திரும்பச் செஞ்சா சந்தோஷம் வராதுன்னு சொன்னீங்களே, அதுக்குச் சொன்னேன்."

மேசையில் சிரிப்பு எழுந்தது. பத்மநாபனும் சிரித்தார், ஆனால் டம்ளரை வைக்கும்போது சத்தமாக வைத்தார். அன்றே எல்லார் முன்னாலும் அறிவித்தார்: குகைக்கு அவரே அரசராகப் போகிறார், ஆனதும் முதல் வேலை வௌவால் மண்டபத்தை இழுத்து மூடுவது. வாசலிலிருந்து நேராகப் புதையலுக்கு ஒரு லிஃப்ட். "மனுஷா வீணாப் போறதைப் பார்த்துண்டு இருக்க முடியாது," என்றார். நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நமக்கு நல்லது செய்தே தீருவேன் என்று நிற்பவரைவிடக் கெட்ட எண்ணக்காரனோடு வியாபாரம் செய்வது சுலபம்.

அரசராவதற்கு ஐயாயிரம் வௌவால் வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே செலினின் ராணியை, பாஸ்வேர்டோடு, வாங்கிவிடச் சொல்லி என்னை அனுப்பினார்.

நான் ஒரு வாரத்தில் நானூறு, அறுநூறு என்று ஏறினேன். பத்மநாபன் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆயிரத்து நூறு. அப்போது அது செலினின் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

அன்று ஆபீஸ் பஸ்ஸில் செகந்திராபாத் திரும்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்கப்பா கடையில ஏன் 'ஒரே விலை'ன்னு போர்டு வைக்கல?"

"அவருக்குப் பிடிக்காது."

"போன ஈஸ்டருக்கு ஒரு சுங்குடிப் புடவைக்கு அவரும் நானும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ரெண்டு ரூபாய்க்கு. அந்த ரெண்டு ரூபா இல்லாம அவரும் சாகல, நானும் சாகல. கைக்கு பின்ன, எதுக்கு?"

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அவரு எடுத்து விரிக்கறது அதே புடவை. சொல்றது அதே வார்த்தை. 'அம்மா, உங்களுக்காகச் சொல்றேன்'ன்னு தினம் நூறு பேருக்குச் சொல்றாரு. அலுத்துப்போன ஆளு மாதிரியா இருக்காரு?"

இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, கடையில் ஈ ஆடும்போதுதான் அவர் அலுத்துப்போனவர் மாதிரி இருப்பார். முப்பது புடவை பிரிக்கச் சொல்லி ஒன்றும் வாங்காமல் போகிற அம்மாள் வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

"ஆயிரத்து நூறு ரூபாயக்கா," என்றேன், கடைசி முயற்சியாக.

"அவரு எனக்குக் கூலி தரப் பாக்கறாரு தம்பி. பத்து மாசம் நான் கஷ்டப்பட்டேன்னு நெனச்சுக்கிட்டு, அந்தக் கஷ்டத்துக்குக் கூலி. நான் கஷ்டமே படலையே! பஞ்ச் ரூம்ல நான் தட்டறதை மெஷின் எண்ணும், சூபர்வைசர் எண்ணுவாரு, அதுக்குச் சம்பளம் வாங்கறேன். இங்க நான் தட்டறதை யாரும் கேக்கல. எவனும் கேக்காத வேலைக்கு எப்படிக் கூலி வாங்கறது? சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பேஷ். விக்க வேண்டாம். ஐயாயிரம் அடிக்கணும், அவ்வளவுதானே? நான் எதுக்கு அடிக்கணும்?"

அவர் ஒரு புரோகிராம் எழுதினார். மணி அடித்து வௌவால் வந்த செய்தியைப் புரோகிராமே படிக்கும், புரோகிராமே அடிக்கும். செய்தி வந்தபின் மட்டுமே அடிப்பதால் ஒரு மூச்சும் வீணாகாது. இன்ஜினியர்களுக்கு மட்டும் காலை ஏழரைக்கே கம்ப்யூட்டர் அறை திறந்துவிடுவார்கள். அவர் வருவார், புரோகிராமை ஓடவிடுவார், வராண்டாவில் பேப்பர் படிப்பார். எட்டரைக்கு வந்து பார்த்தால் நூற்றுத்தொண்ணூற்றுச் சொச்சம் வௌவால் கணக்கில் ஏறியிருக்கும். இப்படி இருபத்தைந்து காலை.

குகை வாசலில் எல்லாருடைய கணக்கும் தெரியும். அந்த வியாழக்கிழமை காலை மங்களம் பஞ்ச் ரூமுக்குள் ஓடிவந்து சொன்னாள்: ராணி 4,902. பத்மநாபன் 4,826.

கூட்டல் கழித்தல் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செலின் நிதானமாக ஒரு மத்தியானத்துக்கு முப்பது அடிப்பாள். பாக்கி தொண்ணூற்றெட்டு; அவளுக்கு இன்னும் மூன்று நாளுக்கு மேல் வேண்டும். அவருக்கு இன்னும் ஒரு காலை போதும்.

பதினோரு மணிக்கு அவரே பஞ்ச் ரூம் வாசலில் வந்து நின்றார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனிதர்.

"நாளைக்குக் காலம்பற ஒம்பது மணிக்கு மண்டபம் க்ளோஸ், செலின். வருத்தப்படாதீங்கோ. லிஃப்ட்ல ஏறி நேரா புதையலுக்குப் போயிடலாம்."

செலின் எழுந்து நின்றாள். ஆபரேட்டர் எழுந்து நிற்பது மரியாதைக்கு என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"சார், அந்த நாலாயிரத்து எண்ணூறை நீங்க அடிக்கல. அது அடிச்சுது. அதுக்கு அலுப்பும் வரல, சந்தோஷமும் வரல. உங்களுக்கும் வரல, நீங்க வெளிய பேப்பர் படிச்சீங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே வராத வெளாட்டுல யாருக்கு சார் கிரீடம்?"

"ரூல்ஸ்ல இல்லையே, கையாலதான் அடிக்கணும்னு."

"ஹவ், ஆமா. இல்லதான். இன்னிக்கு மத்யானம் நான் உக்காரக் கூடாதுன்னும் ரூல்ஸ்ல இல்ல."

பஞ்ச் ரூமில் பதினாறு மெஷினும் ஒரு கணம் நின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து முன்னைவிட வேகமாகத் தட்டத் தொடங்கின.

நான் நேராக ராஜாராமனிடம் போனேன். அவர் நியாயஸ்தர். "அதே மாதிரி புரோகிராம் ஒண்ணு செலினுக்கும் போட்டுத் தரேன் ரூஃபஸ், அஞ்சு நிமிஷ வேலை," என்று என்னோடு வந்தார். சரக்குக்குச் சரக்கு, கணக்கு நேர் என்று நான் நினைத்தேன்.

"நக்கோ சார்," என்றாள் செலின்.

"மண்டபம் போயிடுமே?"

"அது அடிச்சுட்டு நான் வேடிக்கை பாக்கறதுன்னா மண்டபம் எனக்கு இன்னிக்கே போன மாதிரிதான்."

பன்னிரண்டரைக்குச் செருப்புகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோயில் வாசல் மாதிரி குவிந்தன. மூன்றாம் டெர்மினலில் செலின். ஐந்தாவதில் பத்மநாபன் தன் புரோகிராமை ஓடவிட்டு, கைகட்டி நின்றார். அவர் அன்று ஓட்ட வேண்டிய அவசியமில்லை; நாளைக் காலை போதும். ஆனால் மண்டபம் ஒன்றுதான். ஒரு வௌவாலை முதலில் அடித்தவருக்கே அது. அவர் புரோகிராம் பறித்துக்கொள்ளும் ஒவ்வொன்றும் அவளுக்கு இல்லை. செகந்திராபாத் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் குகைக்குள் வந்து, ஒன்றும் அடிக்காமல், வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றார்கள்.

டிங். அவருக்கு. டிங். அவருக்கு. டிங். மறுபடி அவருக்கு. பத்து நிமிஷத்தில் அவர் இருபத்தெட்டு, அவள் ஐந்து. மூச்சில் நான்கு போயிருந்தது.

"மனுஷக் கை அவ்வளவுதான்," என்றார் பத்மநாபன், கொஞ்சம் இரக்கத்தோடு.

செலின் கையை எடுத்துவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டாள். திரையைப் பார்க்கவுமில்லை; கண்ணை மூடியிருந்தாள். மூன்று வௌவால் வந்து போயின. தோற்றுவிட்டாள் என்று நான் நினைத்தேன். பாதம் மட்டும் மெதுவாகத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

பஞ்ச் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேட்டர்கள் பிழையைக் கண்ணால் பிடிப்பதில்லை, காதால் பிடிப்பார்கள். பழகின எண்ணை அடிக்கும்போது அதற்கென்று ஒரு சத்தம் வரும். ஓர் இலக்கம் தவறினால் தாளம் பிசகும். செலின் வேறு யாரோடோ பேசிக்கொண்டே அடிப்பாள், திடீரென்று நின்று, "மூணாவது தப்பு" என்று அழிப்பாள். ஆறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மங்களம்தான் என் முழங்கையைக் கிள்ளினாள். "பேசாதீங்க ரூஃபஸ். அவ கேட்டுட்டு இருக்கா."

செலின் கையை மேலே வைத்தாள். தட்டினாள். மணி அதற்குப் பிறகு அடித்தது.

கவனித்துச் சொல்கிறேன்: முதலில் தட்டினாள், பிறகு மணி. தட்டிய அடி மெஷினுக்குள் போய்ச் சேர ஒரு கணம் ஆகும்; அது சேரவும் வௌவால் உள்ளே வரவும் சரியாக இருந்தது, மூச்சும் போகவில்லை. பத்மநாபனின் புரோகிராம் செய்தி வந்து, படித்து, அடிப்பதற்குள் வௌவால் ராணியின் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்தது, நீண்ட இடைவெளி. அவள் அசையவில்லை. பிறகு தட்டினாள், டிங். உடனே இன்னொன்று, டிங். மூன்றும் அவளுக்கு.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே..." ராஜாராமன் முன்னால் வந்து குனிந்தார். "அது எப்போ வரும்னு எனக்கே தெரியாதே. தெரியாத மாதிரிதானே எழுதினேன்?"

அடுத்த இருபது நிமிஷம் அந்த அறையில் நான் பார்த்ததை எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. பத்தில் ஒன்பது அவளுக்கு வந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. பாதம் தட்டிக்கொண்டே இருந்தது. முகத்தில் ஆவேசமெல்லாம் இல்லை. பூண்டு உரிக்கிற முகம்.

அறுபத்தெட்டில் தாளம் கெட்டது. செகந்திராபாத்திலிருந்து ஒருவன் உற்சாகம் தாங்காமல் குகைக்குள் 'சபாஷ் ராணி' என்று அடித்தான். யார் பேசினாலும் எல்லா டெர்மினலிலும் அதே மணிதான் அடிக்கும். இன்னொருவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். டிங், டிங், டிங். எது வௌவால், எது வாய் என்று தெரியவில்லை. செலின் இரண்டு தடவை வெறும் காற்றில் அடித்தாள். ஆறு மூச்சு போயிற்று. ஏழு. எட்டு.

"வாயை மூடச் சொல்லுங்க யாராவது!" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் தொலைபேசிக்குப் பாய்ந்தேன். அங்கே எடுத்தவர் ஸேல்ஸில் பழைய ஆள், தேவசகாயம்.

"அண்ணாச்சி, அங்க நாலு பேரும் கையைக் கீபோர்டுல இருந்து எடுத்து மடியில வைக்கணும். இப்பவே. ஒருத்தன் ஒரு எழுத்து அடிச்சான்னா அவன் கேட்ட லோன் ஃபாரம் பர்ச்சேஸ் செக்‌ஷன்ல மூணு வருஷம் தூங்கும்."

"லோன் ஃபாரம் உங்க செக்‌ஷன்ல எங்கப்பா வருது?"

"வரவைப்பேன்!"

அவர் அந்தப் பக்கம் கத்தியது தொலைபேசி இல்லாமலே உப்பல்வரை கேட்டிருக்கும். மணிகள் அடங்கின.

திரும்பும்போது பத்மநாபன் என் கையைப் பிடித்தார். மேலே ஒரு ஃபைலைப் போட்டு மறைத்துக்கொண்டு, என் உள்ளங்கையில் விரலால் அழுத்தினார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை சொல்லும் பஜார் வழக்கத்தை நான்தான் ஒரு தடவை அவருக்குச் சொல்லிக் காட்டியிருந்தேன். ஒரு விரல், பிறகு ஐந்து விரல். ஆயிரத்து ஐந்நூறு.

"இப்போ நிறுத்தச் சொல்லும்," என்றார் மெதுவாக. "உமக்கு இருநூறு."

என் வாழ்நாளில் அதுவரை சொல்லாத ஒரு வாக்கியத்தை அன்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"சரக்கு விற்பனைக்கு இல்லை சார்."

செலின் இரண்டு வௌவாலை விட்டாள். மூன்றாவதையும் விட்டாள். மறுபடி காதால் இடம் பிடிக்கிறாள் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் இருமக்கூட இல்லை. மணி ஒன்று. கை வைத்தாள். எழுபத்தைந்து. எண்பது. இன்னொரு மூச்சு போயிற்று, ஒன்பது. இனி ஒரு தப்படிக்கு இடமில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் மணி அடித்த பிறகுதான் தட்டியிருப்பேன், பத்திரமாக, பத்திரமாகத் தோற்றிருப்பேன். அவள் மணிக்கு முன்னால்தான் தட்டினாள். ஒவ்வொன்றும்.

ஒன்று பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு டெர்மினலும் ஒன்றாக ஒலித்தன. குகைக்கு ராணி வந்துவிட்டாள் என்று பச்சையில் எழுதிற்று.

மங்களம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜாராமன் அழுகிற நிலையில்தான் இருந்தார், ஆனால் வேறு காரணத்துக்கு.

"எப்படி செலின்?"

"நூத்தி இருபத்தெட்டு வௌவால் சார். அது முடிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து அதே மாதிரி வரும். ஒரு நீட்டம், ரெண்டு குட்டை, நீட்டம், நீட்டம்... பாட்டு மாதிரி. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன்," என்றார் ராஜாராமன். "உட்கார்ந்து கேட்கலை."

அவர் உடனே ஒரு நீண்ட பட்டியலை அச்சடித்து, பென்சிலால் எண்ணிப் பார்த்தார். சரியாக நூற்றிருபத்தெட்டில் திரும்பியது. காது சிவந்துவிட்டது. "இது பெரிய பிழை. இன்னிக்குச் சாயங்காலமே சரி பண்ணிடறேன்."

"கை வைக்கக் கூடாது. ராணி சொல்றேன்."

"செலின், அது தப்பான கோடு..."

"என் மண்டபம் சார்."

பத்மநாபன் ஐந்தாம் டெர்மினலில் புரோகிராமை நிறுத்தினார். அவருக்குக் கோபமில்லை, குழப்பம். இத்தனை தெரிந்தவள், இருநூறு நாள் முன்னாலேயே வேகமாக அடித்து முடித்திருக்கலாமே என்று கேட்டார்.

"முடிக்கறதுக்கா சார் நான் வந்தேன்?"

"சரி, முடிஞ்சுடுத்து. இனிமே நீங்க அடிச்சாலும் கணக்குல ஏறாது. ராணிக்கு எண்ணிக்கை கிடையாது. ரூல்ஸ் படிச்சேன். நாளைக்குச் சாப்பாட்டு வேளைக்கு என்ன பண்ணப் போறேள்?"

ஒன்றேகால் ஆகிவிட்டது, செலின் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டோர்ஸ் கோடு அடிக்கப் போனாள்.

மறுநாள் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மூன்றாம் டெர்மினலில் உட்கார்ந்தாள். அடித்தாள். திரையில் ஐயாயிரம் என்று இருந்தது, அப்படியே இருந்தது. பதினேழு நிமிஷம் பத்மநாபன் பின்னால் நின்று பார்த்தார். பிறகு ஐந்தாம் டெர்மினலில் உட்கார்ந்து, புரோகிராம் இல்லாமல், தன் ஒற்றை விரலை நீட்டினார். ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, மூன்று தடவை மயங்கினார். மூன்று தடவையும் ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி எழுந்தார்.

"மணிக்குக் காத்திருக்காதீங்க சார்," என்றாள் செலின், திரும்பாமலே. "அதுக்கு முன்னால ஒரு சின்ன இடம் இருக்கு. கேளுங்க."

"கேக்கறது, கேக்கறது. நீங்க பேசாம இருங்கோ."

ஒன்றேகாலுக்கு எல்லாரும் போன பிறகு, பழக்க தோஷம், குகை வாசலில் நின்று கணக்கைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

ராணி: 5,000. அன்று அடித்த அறுபத்தொன்று எதிலும் ஏறவில்லை.

பத்மநாபன்: புரோகிராம் அடித்தது 4,871. கையால் அடித்தது 2. ஆக 4,873. பாக்கி 127.